வெப்சைட் ஒரு நாள் திறந்து ஒரு நாள் மறுக்கிறதா? சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் தேதியைப் பாருங்கள்

வீட்டில் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நேற்று வரை திறந்த தளங்கள் எல்லாம் இன்று காலை ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று மறுக்கும். அப்புறம் தானாகவே சரியாகும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

எங்கள் ஏரியா சர்வீஸ் கடையிலிருந்து வந்தவரிடம், “இதே வைஃபையில் மொபைலில் எல்லாம் திறக்குதே, தம்பி?” என்று கேட்டேன். “மொபைல் வேற, சிஸ்டம் வேற சார். வைரஸ் ஏறியிருக்கு” என்று சொல்லி சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனார். ஃபார்மேட், ஆன்டிவைரஸ் என்று 1,800 ரூபாய். ஃபைல்களை எடுத்து வைக்கணுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் பென்ஷன் பேப்பர்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், அத்தனையும் போச்சு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதே எரர். இந்த முறை, “மதர்போர்டு வீக் சார், மாத்திடலாம். 6,500 ஆகும்.”

மதர்போர்டு வீக்காம்!

ஊரிலிருந்து வந்திருந்த அக்கா மகன்தான், “மாமா, கீழே தேதி 2018னு காட்டுது பாருங்க” என்றான். போயிருந்தது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற சின்ன வட்ட செல். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். இரவில் சுவிட்ச் போர்டில் ஆஃப் செய்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். ஆஃப் செய்ய மறந்த நாட்களில் தேதி மாறாது, எரரும் வராது. சில நாள் விண்டோஸ் இன்டர்நெட்டைப் பார்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். விட்டுவிட்டு வந்த மர்மம் இவ்வளவுதான். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கம்ப்யூட்டர் 2018இல் இருந்தால் இன்றைய சான்றிதழை எப்படி நம்பும்? குரோம் சில சமயம் ‘யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்’ என்று வெளிப்படையாகவே சொல்லும். தினமும் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் கண்ணில் இது படவில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை.

வாட்ச் கடையில் செல் 40 ரூபாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது எழும்பி வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்து, பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்) தேதியைத் திருத்தினான் அக்கா மகன். அதன்பின் எரர் இல்லை.

தேதி சரியாக இருந்தும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்று தொடங்கும் எரர் வந்தால் அது வேறு கோளாறு. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லை.

கடையில் போய்க் கேட்டேன். “அப்போ செல் நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்கிறார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம் என்றால், கையில் இருப்பது தேதியோ கடைப் பெயரோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. நீங்கள் சிபியூவைக் கொடுத்தனுப்பும்போதே பில் போட்டுத் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள்.