அரசு கொடுத்த ஸ்கூட்டரில் எட்டு வருடம்: நான் கேட்பது மூன்றடி பின்னால்

போன வாரம் என் வண்டி லேத் பட்டறையில் கிடந்தது. வலது பக்க இணைப்புச் சக்கரத்தைத் தாங்கும் கம்பி வளைந்து, அச்சைத் தாங்கும் புஷ் என்ற வளையம் உடைந்து, மட்கார்டு டயரில் உரசிக்கொண்டிருந்தது. செலவு 2,300 ரூபாய், காத்திருப்பு மூன்று நாள். அந்த மூன்று நாளில்தான் வேடசந்தூரிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். "அக்கா, முகாம் வருதாம். ஸ்கூட்டருக்கு எழுதட்டுமா, பேட்டரி சக்கர நாற்காலிக்கு எழுதட்டுமா? நீங்க இத்தனை வருஷமா ஓட்டுறீங்களே."

அன்று இருந்த கோபத்தில் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அவளுக்காகவும், இதே கேள்வியோடு என் கடைக்கு வருகிறவர்களுக்காகவும்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. நாட்டில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-இல் தொடங்கியபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். இரண்டு காலுக்கும் காலிப்பர் என்ற தாங்கு கம்பி, கையில் ஊன்றுகோல். ஒட்டன்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும் வைத்திருக்கிறேன். 2017-இல் மாநில அரசின் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கிடைத்தது. இரு கால்களும் பாதிக்கப்பட்டு கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதே திட்டம். சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர்தான். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சட்டம் போட்டு ஒவ்வொரு சிறு சக்கரம் மாட்டியிருப்பார்கள். ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும் என்பதால் விவரம் நீட்டவில்லை.

இதுவரை 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினை ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. பேட்டரி மூன்று மாற்றினேன், பெல்ட் இரண்டு. பக்கச் சக்கரங்களின் டயர் சீக்கிரம் தேயும், அதற்குத் தனியாகக் காசு எடுத்து வைத்துவிட வேண்டும். லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கொடுக்கிறது. சட்டத்தின் எடையைச் சேர்த்துப் பார்த்தால் அது நியாயம்தான்.

இதற்கு முன் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் வைத்திருந்தேன். அதில் உட்கார்ந்தால் எதிரில் நிற்பவரின் இடுப்பு உயரத்தில் என் தலை இருக்கும். டீக்கடையில் டம்ளரைக் குனிந்து நீட்டுவார்கள். ஸ்கூட்டர் வந்த முதல் வாரத்தில் அதே டீக்கடைக்காரர் நேராக முகத்தைப் பார்த்து "சர்க்கரை கம்மியா?" என்று கேட்டார். பதினைந்து வருடமாக அவர் கடையில் டீ குடித்திருக்கிறேன், அதுவரை சர்க்கரையைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. இருக்கையின் உயரம் இப்படி ஒரு வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைவிடப் பெரிய சந்தோஷம், லிஃப்ட் கொடுப்பது. பிறந்ததிலிருந்து அம்மா இடுப்பிலும் அண்ணன் முதுகிலும் போனவள் நான். பள்ளிக்கு மாமாவின் சைக்கிள் கேரியர். யாராவது கூட்டிப்போனால்தான் போக முடியும். இப்போது என் பின்னால் ஆள் உட்கார்கிறார்கள். விடியற்காலையில் காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போகும் பக்கத்து வீட்டு அத்தையை இறக்கிவிடுவேன். அவருடைய முருங்கைக்காய்க் கட்டு காலடியில் அழகாகப் படுத்துக்கொள்ளும். நான்கு சக்கரம் தரையில் இருப்பதால் சிக்னலில் நிற்கும்போது வண்டி சாயாது, பாரம் ஏற்றியதே தெரியாது. அம்மாவைப் பழனிக்கு நானே கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் "மெதுவா போ சாமி, மெதுவா போ" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் இறங்கியதும் அங்கே பூ விற்ற பெண்ணிடம், கேட்காமலே, "என் மகதான் ஓட்டிட்டு வந்தா" என்றார்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்துக்கு, மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு, திண்டுக்கல் போவேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல். கடைக்கு வருகிறவர்களின் மனுக்களை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வருவேன். என்னோடு பார்வையில்லாத அண்ணன் ஒருவர் வருவார், ஊதுபத்தி வியாபாரம் செய்பவர். நான்கு பேருக்கு உதவித்தொகை, இரண்டு பேருக்குக் காது கேட்கும் கருவி, ஒரு குழந்தைக்குப் பயிற்சி மையத்தில் இடம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்த வேலைகள் இருக்கின்றன. பஸ்ஸை நம்பியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு வண்டிக்குப் போட்ட மானியம் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் குறைதான்.

இந்த வண்டி பின்னால் போகாது.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சாதாரண ஸ்கூட்டரிலும் ரிவர்ஸ் கியர் கிடையாது, உண்மைதான். ஆனால் அதை ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றித் தள்ளிப் பின்னால் எடுத்துவிடுவார். தான் அப்படிச் செய்வதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். கால் வேலை செய்யாதவர்களுக்கென்றே கொடுக்கும் வண்டியில், காலால் செய்யும் ஒரு வேலையை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் இறங்கி ஊன்றுகோலை வைத்துக்கொண்டு இழுக்கலாமா என்றால், வண்டியும் சட்டமும் சேர்ந்த எடையை ஊன்றுகோலோடு இழுக்க முடியாது. இரண்டு முறை முயன்றேன், இரண்டாவது முறை விழுந்தேன்.

எட்டு வருடமாக என் நாளை இதுதான் வகுக்கிறது. எந்தக் கடைக்குப் போவது என்பதை விலையை வைத்து முடிவு செய்ய முடியாது, வாசலில் வட்டமடிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முட்டுச்சந்துக்குள் போகமாட்டேன். என் சித்தி வீடு முட்டுச்சந்தில் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போனால் மெயின்ரோட்டில் நிறுத்திவிட்டு ஊன்றுகோலில் நடப்பேன். வண்டி வந்த பிறகும் அந்தத் தெருவில் நான் நடக்கத்தான் செய்கிறேன். எந்த வாசலில் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பது எனக்கு மனப்பாடம். மேட்டைப் பார்த்து நிறுத்தினால், கிளம்பும்போது பிரேக்கை விட்டதும் வண்டி தானாகப் பின்னால் உருளும். புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பள்ளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டால் ஆள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

ஆள் வருவார்கள். நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, மனசும் இருக்கிறது. ஆனால் எப்படித் தள்ளுவது என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னாலிருந்து சீட் கம்பியைப் பிடித்து இழுத்தால் போதும். பெரும்பாலோர் பக்கச் சக்கரத்தின் மட்கார்டைத்தான் பிடித்துத் தூக்குவார்கள். சிலர் என் தோளைப் பிடிப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடும். உதவி கேட்டவள் நான்தானே என்பதால் அதற்குமேல் பேசவும் முடியாது.

என்னோடு திண்டுக்கல் வரும் அந்த ஊதுபத்தி அண்ணன் மட்டும் பழகிவிட்டார். திண்டுக்கல்லில் வண்டியை எடுக்க வேண்டுமானால் இறங்கிப் பின்னால் போய்க் கம்பியைத் தேடிப் பிடிப்பார். "எவ்வளவு வரணும் தங்கச்சி?" "ரெண்டடி அண்ணே. அப்படியே இடது கைப்பக்கம். போதும், போதும்." பார்வையில்லாதவர் ஒருவர் எனக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்துக் கொடுப்பதை வருகிறவர்கள் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவர் ஒருமுறைகூட வண்டியை எங்கும் இடித்ததில்லை.

போன வாரம் அவர் இல்லை. ஒரு மண்டபத்தில் கல்யாணம். காலையில் போனபோது வாசல் காலியாக இருந்ததால் சுவரை ஒட்டி நிறுத்தினேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பைக்குகள், முன்னால் சுவர். பின்னால் மட்டும் நான்கடி வழி இருந்தது. கால் உள்ள எவரும் அரை நிமிடத்தில் வெளியே வந்திருப்பார். நான் நாற்பது நிமிடம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இரண்டு பையன்கள் வந்து, பாவம், நல்லெண்ணத்தோடுதான், மட்கார்டையும் கம்பியையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். கம்பி வளைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த 2,300 ரூபாய் அப்படி வந்த செலவுதான்.

எனக்குப் பொறுக்காதது இதுதான். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450-இல் ரிவர்ஸ் இருக்கிறது. அதே ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூபிலும் இருக்கிறது. இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள் ஒரு பட்டனை அழுத்திப் பின்னால் எடுக்கிறார்கள். பெட்ரோல் வண்டிகளுக்கும் சின்ன மோட்டார் வைத்துப் பின்னால் தள்ளும் கிட் சந்தையில் கிடைக்கிறது. நான் விசாரித்தேன். என் கடையின் ஒரு மாத வருமானத்துக்கு மேல் கேட்டார்கள். அதோடு, இது ஏற்கெனவே மாற்றியமைத்துப் பதிவு செய்த வண்டி, மேலும் மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் மறுபடி குறிக்க வேண்டும். வண்டி வாங்கும்போதே அதில் இருந்திருந்தால் இந்த அலைச்சல் ஒன்றும் கிடையாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, தனிநபர் நடமாட்டத்துக்கு அரசு திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், வாகனங்களை மாற்றியமைப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு நம் வண்டிகளை 'இன்வேலிட் கேரேஜ்' என்று எழுதியிருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள். மனதாரச் சந்தோஷப்பட்டேன். அடாப்டட் என்றால் ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்ப மாற்றியது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் பின்னால் போவதையும் அதில் சேர்க்க வேண்டும்.

பணம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாட்டின் உரிமைகள் திட்டத்துக்கு 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் ஒப்புதல் கொடுத்தது. 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வருகின்றன. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன, வர முடியாதவர்களைத் தேடி வேனும் போகிறது. நல்ல வேலை, நான் மனுப் போட்டு அனுப்பும் குழந்தைகளுக்கு இது பெரிய ஆறுதல். அப்படிப்பட்ட மையங்களில் ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு வெல்டரும் இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை. சாதாரண மெக்கானிக்குகள் இணைப்புச் சட்டத்தைத் தொடப் பயப்படுகிறார்கள், லேத் பட்டறைக்காரர் எனக்காகப் பழகிக்கொண்டவர். ஒரு முறை வண்டி கொடுப்பதற்குப் பணம் இருக்கிறது. அதை ஓடவைப்பதற்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்க வேண்டும்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையில் பள்ளம் இருந்தால் பக்கச் சக்கரங்கள் மேட்டில் நிற்க நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. மண்சாலையில் இது அடிக்கடி நடக்கும். வளைவில் சாய்க்க முடியாது, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்துவிடும். மழைக்காலத்தில் புஷ் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும். இவற்றோடு நான் சமாதானம் ஆகிவிட்டேன்.

சரி, தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பேட்டரி சக்கர நாற்காலியில் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் அது பின்னால் வரும். வீட்டுக்குள், கடைக்குள், லிஃப்டுக்குள் எல்லாம் போகும். ஆனால் அதில் பழனிக்குப் போக முடியாது, பின்னால் ஆளை உட்காரவைக்கவும் முடியாது. உனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தாலும் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நீயே மாறிவிடுகிறாய். அப்படியானால் ஸ்கூட்டர் சீட்டுக்கும் மாறிவிடலாம். வேடசந்தூரிலிருந்து நீ தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று சொன்னாய். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஸ்கூட்டர்தான்.

ஆனாலும் மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். போன வாரம் அந்தக் கல்யாணத்துக்குப் போவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தால் நான்கரை போட்டிருப்பேன். இதே வண்டியை, இப்படியே, எனக்கு இரண்டாவது முறை கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று பட்டறைக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் புஷ்ஷை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

வரும் திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். அடுத்த டெண்டரில் பின்னால் எடுக்கும் வசதியையும் சேர்க்க வேண்டும், ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களுக்கு அந்த கிட்டுக்கு மானியம் தர வேண்டும், இரண்டே கோரிக்கை. இதுவரை பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அண்ணன் கைநாட்டு வைத்திருக்கிறார். உன் அடையாள அட்டை நகலையும் மருத்துவச் சான்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாட்ஸப்பில் அனுப்பிவிடு. உன் ஸ்கூட்டர் விண்ணப்பத்தையும் அன்றைக்கே சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.