வீபீஎன் போட்டுத் தர்றேன்னு வர்ற ஆளுங்ககிட்ட உஷாரு (மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம்)

வீட்டுல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப் போட்டு வேலை பாக்கறவங்க இதைப் படிங்க. வீபீஎன்னா வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவுல இன்டர்நெட்டுல போடற பூட்டுன தனி வழி. எனக்கு அதைப் போட்டுத் தர்றேன்னு வந்த ஆளோட கடைப் பேரை இங்க போட மாட்டேன்.

நான் டவுன்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கணக்கு எழுதறேன், வீடு எஸ்டேட் ஓரத்துல, இன்னும் ஃபைபர் வரல, சிம் கார்டு ரௌட்டர்தான். வீபீஎன் லைசன்ஸ் ஒரு வருஷத்துக்கு 380 வெள்ளின்னு (ரிங்கிட்) ரசீது போட்டு அந்த ஆளு குடுத்தது என்னான்னா லேப்டாப்புல ஒரு ஆப், திறந்தா நாட்டுக் கொடியா வரும், சிங்கப்பூரை அமுக்கினா பச்சையாகும், அப்புறம் ரிமோட் டெஸ்க்டாப்புல ஒரு நம்பரை அடிச்சா ஆபீஸ் ஸ்கிரீன் வந்துரும். வந்துச்சு, சந்தோஷம்.

இடி மழை வந்து கரண்டு போனாத்தான் கூத்து. கரண்டு திரும்பி வந்தாலும் கனெக்ட் ஆகாது. "சர்வர் பிரச்சனைக்கா, வந்து பாக்கறேன்"னு வருவான், ஆபீஸ்ல அஞ்சு நிமிஷம் உக்காந்து எதையோ தட்டிட்டு புது நம்பர் ஒண்ணு எழுதிக் குடுப்பான், சர்வீஸ் 80 வெள்ளி. மறுபடி மழை, மறுபடி 80. நம்ம ஊர்ல மழைக்கா பஞ்சம்!

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான், பினாங்குல ஐடி வேலை. "அந்த ஆப்பை ஆஃப் பண்ணிட்டு கனெக்ட் பண்ணுங்க சின்னம்மா"ன்னான். பண்ணேன், ஜம்முன்னு ஆபீஸ் ஸ்கிரீன் வருது! அந்த ஆப் சும்மா ஓசில கிடைக்கறது, ஆபீஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆபீஸ் ரௌட்டர்ல 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் உள்ள வர்ற வாசலை, அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டிருக்கான் பாவி. நம்ம வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு பக்கத்து வீட்டுக்குப் பூட்டு வித்த மாதிரி. புது நம்பர் வேற ஒண்ணுமில்ல, கரண்டு போய் ஆபீஸ் ரௌட்டர் திரும்ப ஓடறப்ப பப்ளிக் ஐபி, அதாவது இன்டர்நெட்டுல ஆபீஸோட விலாச நம்பர், மாறிடுது, அதைப் பாத்து எழுதிக் குடுக்கத்தான் 80 வெள்ளி.

அடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நடந்ததையெல்லாம் காட்டற ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினான், எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. 4625, 4625ன்னு வரிசையா ஓடுது, அது லாகின் தோத்துப் போனதுக்கு விண்டோஸ் எழுதற நம்பராம். அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட்னு ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கெல்லாம் எவன் எவனோ தட்டிப் பாத்திருக்கான். 2019ல ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வந்துச்சே, பேட்ச் (ஓட்டையை அடைக்கற அப்டேட்) போடாத விண்டோஸ் 7ல பாஸ்வேர்டே இல்லாம பூந்துடலாம், அந்த மாதிரி பழைய மெஷினா இருந்திருந்தா கடைக் கணக்கு மொத்தமும் போயிருக்கும்.

போர்ட்டை உடனே அடைச்சான். ஆபீஸ் ரௌட்டர்லயே ஓப்பன் வீபீஎன்னு அசல் வீபீஎன் ஒண்ணு இருக்கு, காசே இல்ல. அதை ஆன் பண்ணி, ஐபி மாறினாலும் பேரை வச்சுக் கண்டுபிடிக்க டீடீஎன்எஸ் போட்டான். வீபீஎன் கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா ரிமோட் டெஸ்க்டாப் வரல. பாத்தா உள்ளுக்குள்ள குடுக்கற விலாச நம்பர் வீட்டு ரௌட்டர்லயும் 192.168.0, ஆபீஸ்லயும் 192.168.0, என் லேப்டாப் ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்குள்ளயே தேடிக்கிட்டு கிடக்கு. வீட்டு ரௌட்டரை 192.168.50ன்னு மாத்தினதும் வந்துருச்சு.

அந்த ஆளுகிட்ட காசைத் திருப்பிக் கேட்டதுக்கு "சாஃப்ட்வேர் வித்தா வித்ததுதான்கா". எந்த சாஃப்ட்வேர்டான்னா போனை வச்சிட்டான்.

உங்களுக்கும் எவனாச்சும் இப்படிக் கொடி ஆப் போட்டுக் குடுத்திருந்தா, வீட்டுல இருந்து ஆப்பை ஆஃப் பண்ணிட்டு கனெக்ட் பண்ணிப் பாருங்க. வந்துச்சுன்னா ரௌட்டர்ல 3389ஐ இன்னைக்கே அடைங்க, விண்டோஸ் பாஸ்வேர்டையும் மாத்துங்க, ரசீதைத் தூக்கிப் போட்றாதீங்க.