பிக்கப்புக்கு ஹாரன் மாத்தி ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு

வண்டி கம்பெனி பேரு வேணாம், சின்ன பிக்கப்புதான், கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) துறைமுகத்துலேந்து மீன் பெட்டி ஏத்திகிட்டு நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் ஓடுது, சில நாள் பாண்டி. இழுவை, மைலேஜ் எல்லாம் ஓகே, ஹாரன் மட்டும் மகா மட்டம். அம்மாம் பெரிய மூஞ்சிய வெச்சுகிட்டு அடிச்சா மொபெட் மாதிரி கீச்சுங்குது.

நெல்லிக்குப்பம் ரோட்டுல கரும்பு சீசன்ல போனவங்களுக்கு தெரியும், டிராக்டர்காரர் ரெண்டு டிரெய்லர கோத்து, ஸ்பீக்கர்ல பாட்ட ஃபுல்லா வெச்சுகிட்டு நடுரோட்டுல போவாரு, பின்னாடி நாம என்ன அடிச்சாலும் காதுல விழாது, பெட்டில ஐஸ் உருகிகிட்டே இருக்கும். அதுக்காகத்தான் மாத்துனேன், ஷோவுக்கு இல்ல.

செம்மண்டலம் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட விட்டேன். அவரு எடுத்ததும் புது ஹாரன காட்டல. பழைய ஹாரனோட சாக்கெட்ட புடுங்கிட்டு பேட்டரிலேந்து நேரா ரெண்டு ஒயர தொட்டாரு பாருங்க, அதே டப்பா ஹாரன் கணீர்னு கத்துது! "தம்பி, ஹாரன் பாதிதான் மட்டம், மீதி ஒயரு"ன்னாரு. மீட்டர் வெச்சும் காட்டுனாரு, பேட்டரில 12.5 வோல்ட், ஹாரன அமுக்கிகிட்டே ஹாரன் முனைல பாத்தா 10 கூட வரல. கரண்டு ஸ்டீரிங் சுவிட்சு வழியா சுத்தி, தலைமுடி மாதிரி ஒயர்ல வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடுது. இந்த நெலமைல எவ்ளோ பெரிய ஹாரன் வாங்கி அதே சாக்கெட்டுல சொருகினாலும் காசு வேஸ்ட்டு, அதுவும் ரெண்டு ஹாரன்னா ஒண்ணுக்கு சுமார் 5 ஆம்ப் இழுக்கும், சுவிட்சே கருகிடலாம்.

அதனால ரிலே போட்டோம், அதாவது ஸ்டீரிங் சுவிட்சோட சின்ன கரண்டுல இயங்கி, பேட்டரி கரண்ட நேரா ஹாரனுக்கு விடற காந்த சுவிட்சு. அதோட 30ம் நம்பர் கால் பேட்டரிலேந்து, நடுவுல 20 ஆம்ப் ஃபியூஸ், அதுவும் பேட்டரி ஓரத்துலயே. 87 ஹாரனுக்கு. 85, 86 ரெண்டும் பழைய ஹாரன் சாக்கெட்டுல. ஒரிஜினல் ஒயர் ஒண்ணையும் வெட்டல, நாளைக்கு கழட்டணும்னா அஞ்சு நிமிஷ வேலை. ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம் தடிமன், இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

ஹாரன் கோயம்புத்தூர் ரூட்ஸ் விண்டோன், நத்தை மாதிரி சுருண்டு இருக்குமே அது, லோ டோன் ஒண்ணு ஹை டோன் ஒண்ணு. வட்டமா தட்டு மாதிரி வர்றதுலயும் சத்தம் இருக்கும், ஆனா அது கிர்ருனு குத்துற சத்தம். டிராக்டர்காரர் காதுல போய் சேர்றது லோ டோன்தான், சேந்து அடிக்கும்போது கார் ஹாரன் மாதிரி கனமா கேக்குது, இப்ப ஒரு தட்டு தட்டுனா ஒதுங்கிடறாரு. கூலி சேத்து 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

மாட்டும்போது ரெண்டு விஷயம் பாருங்க. கூடவே வர்ற தகடு பட்டைலதான் மாட்டணும், ஹாரன் உடம்பு பாடில எங்கயும் ஒட்டக்கூடாது, ஒட்டுனா சத்தம் செத்துடும். வாய் கீழ பாத்து இருக்கணும், இல்லன்னா ரோட்டு தண்ணி உள்ள தங்கிடும். நம்ம ஊர் நவம்பர் மழைல கெடிலம் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும்போது எத்தனையோ தடவை முங்குன மாதிரி போயிருக்கேன், ஹாரனுக்கு ஒண்ணும் ஆகல.

ஆனா உப்பு விட்டுவைக்கல. மொத மழை முடிஞ்சதும் ஹை டோன் விட்டு விட்டு அடிச்சுது, ஒத்தையா லோ மட்டும் ம்மேன்னு. ஹாரன் போச்சுன்னு நெனைக்காதீங்க, ஹாரனோட நெகட்டிவ் ஒயர வண்டி பாடில முறுக்குற எர்த் போல்ட்டு துரு ஏறி பச்சையும் வெள்ளையுமா பூத்து கெடந்துச்சு. கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சு, வாசலின் அப்பி திரும்ப முறுக்குனேன், பழைய மாதிரி ஆயிடுச்சு. ஓ.டி. பக்கம் வண்டி நிறுத்துறவங்க மழைக்கு முன்னாடியே இத பண்ணிடுங்க, ரிலே சாக்கெட்டுலயும் சேத்து.

கொறைன்னா, ஊருக்குள்ள இது ஓவர். மஞ்சக்குப்பத்துல சைக்கிள்ல போன ஒரு பெரியவரு திடுக்குனு கால ஊனிட்டு திரும்பி மொறச்சாரு, நியாயம்தான். ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டு சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதின்னு அறிவிச்சிருந்தா அங்க அடிக்கவே கூடாது, குடியிருப்புப் பகுதில ராத்திரி 10லேந்து காலைல 6 வரைக்கும் அப்படித்தான். அதனால பழைய கீச்சு ஹாரன தூக்கி போடாம, டேஷ்போர்டுல ஒரு டூவே சுவிட்சு வெச்சு டவுனுக்குள்ள அதுக்கு மாத்திக்கறேன். அரியாங்குப்பம் தாண்டி பாண்டிக்குள்ள போறப்பவும் அதேதான்.

ஏர் ஹாரன் வெச்சா என்னன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. மத்திய மோட்டார் வாகன விதி 119 படி மாத்தி மாத்தி ராகம் போடுற ஹாரன், காத கிழிக்கிற ஹாரன் ரெண்டுமே கூடாது, செக்கிங்ல புடிச்சா கழட்டி எடுத்துடுவாங்க, அதுக்கு காத்தடிக்கிற கம்ப்ரஸர் வேற தனியா கரண்டு தின்னும். அப்பறம் ஹாரன் பின்னாடி இருக்கற சின்ன ஸ்க்ரூவ சத்தம் கூடும்னு யாராவது திருக வந்தா விடாதீங்க, அது ஹாரன் உள்ள கரண்ட விட்டு விட்டு தர்ற காண்டாக்ட் முனையோட செட்டிங், மொதல்ல ஒயர செக் பண்ண சொல்லுங்க.