பூங்கா மொசைக்: சுவர் ரைலா, போர்சலினா, கண்ணாடியா?

வன்னியில் பூங்காச் சுவரிலோ கொங்கிறீட் வாங்கிலோ மொசைக் (உடைத்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் படம்) பதிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் கைக்கு எட்டுவது, வீட்டு வேலையில் மிஞ்சிய சுவர் ரைல். நிறம் நிறைய, குறட்டுக்கு இலகுவாக உடையும், செலவும் இல்லை. என்றாலும் வெயிலிலும் மாரியிலும் கிடக்கப்போகும் வேலைக்கு நாங்கள் போர்சலினைத்தான், அதாவது கூடிய சூட்டில் சுட்ட இறுக்கமான ரைலைத்தான் சொல்லுவோம்.

துண்டைக் குப்புறப் போட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் ரைல் உடனே குடித்துவிடும்; பெரும்பாலும் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். போர்சலினில் சொட்டு அப்படியே நிற்கும். அது உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டாது. உடைத்த துண்டுக்கு ஓரமெல்லாம் திறப்பு என்பதால் கார்த்திகை மழை உள்ளே இறங்கும். பங்குனி வெயிலில் அந்த ஈரம் வெளியேறும்போது, கலவையிலிருந்து கரைந்து வந்த உப்பு மெருகுக்கு அடியில் படிந்து அதைச் செதில் செதிலாகத் தள்ளும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவையில் சேர்ந்தால் இது இன்னும் கெதியாக நடக்கும்.

போர்சலினின் குறை வேறு. தண்ணீர் குடிக்காததால் வெறும் சீமெந்துப் பாலில் அது பிடிக்காது. முதுகிலுள்ள வெள்ளைத் தூளைக் கம்பிப் பிரஷால் உரசிக் கழுவி, பொலிமர் கலந்த ரைல் பசையில் பதியுங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு 25 கிலோப் பை சுமார் 50 சதுர அடிக்குக் காணும். மத்தியான வெயிலில் பசை விரைவாக ஆடை கட்டும். ஒரு தடவைக்கு 2 சதுர அடிக்கு மேல் பரப்ப வேண்டாம். தொட்டால் விரலில் ஒட்டாத பசையைச் சுரண்டி எறியுங்கள். தண்ணீர் தெளித்து இளக்கிப் பதித்தால் துண்டு பிறகு கையோடு கழன்று வரும். வாங்கின் இருக்கைக்குக் கறுப்பு நிறம் கூடாது, சூட்டில் இருக்க ஏலாது.

உடைந்த பீங்கான் தட்டுகளும் நல்லவை. சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கி, 1976இல் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்து உருவங்களில் அவற்றைக் காணலாம். உடைந்த ஓரத்தில் அதே சொட்டுச் சோதனையைச் செய்துவிட்டு எடுங்கள். வளைவான துண்டுக்குப் பசை தடிப்பாக வேண்டும்.

கண்ணாடித் துண்டின் ஒளி வேறெதிலும் வராது. ஆனால் சாம்பல் நிறப் பசை ஊடே தெரிந்து நிறத்தைக் கெடுக்கும், வெள்ளைப் பசைதான் வேண்டும். ஓரம் வெட்டும் என்பதால் பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில், மயில் தோகைக் கண் போன்ற இடங்களுக்கு மட்டும் வைக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தவிருங்கள். ஈரமும் சீமெந்தின் காரமும் ரசத்தை ஓரத்திலிருந்து கறுப்பாக்கும்.

பதிக்கும் முறையில், வளைந்த வாங்குக்குத் துண்டு துண்டாக அந்த இடத்திலேயே பசையில் வைக்கும் நேரடிப் பதிப்பே சரி. தட்டையான சுவருக்கு மாணவர்கள் மண்டபத்துக்குள் இருந்தே ஓரடிச் சதுரங்களாக வலையில் ஒட்டிக் கொடுக்கலாம். ஆனால் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையால் வலையில் ஒட்டியது மழை ஈரத்தில் மீண்டும் இளகும். அதைவிட, முகப்பக்கம் மாப்பசையால் கடதாசியில் ஒட்டுவது நல்லது: துண்டின் முதுகு முழுவதும் ரைல் பசையைத் தொடும், பசை இறுகிய பின் கடதாசியை நனைத்து உரிக்கலாம். படத்தை மட்டும் இடம் வலம் மாற்றி வரையுங்கள், எழுத்து இருந்தால் கட்டாயம்.