காயாத ஃபில்டர்: கேடிஎம் டியூக் 200 பைக்கில் 41,000 கிலோமீட்டர்

போன வாரம் சிங்கப்பூரில் என் வேலையிடத்தில் ஒரு தம்பி தன் பைக்கை என் பைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணே, நீங்க போட்டிருக்கிற அந்தச் சிவப்பு ஏர் ஃபில்டர் இப்ப விலை இறங்கியிருக்கு. நானும் வாங்கிடவா?"

"வேண்டாம்டா" என்றேன், யோசிக்காமல். ஏன் என்று கேட்டான். தேநீர் இடைவேளை பத்து நிமிடம்தான். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் உபி வட்டாரத்தில் ஒரு கடையில் 95 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். சிவப்பு எண்ணெய் தடவிய பருத்தித் துணி, இருபுறமும் கம்பி வலை, சுற்றிலும் ரப்பர் விளிம்பு. காகித ஃபில்டரைப் போலத் தூக்கிப்போட வேண்டாம், கழுவிக் கழுவிப் போடலாம் என்பதுதான் விளம்பரம். ஏர்பாக்ஸை (ஃபில்டர் உட்காரும் பெட்டியை) வெட்டவில்லை, துளை போடவில்லை. சீட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தேன், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட்டை மாற்றுவதென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், செலவும் கூடுதல். கொஞ்சம் சத்தம் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு ஃபில்டர்தான் எட்டுகிற விலையில் இருந்தது.

இழுவை கூடியதா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். இல்லை. பெட்ரோல் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறவன். போடுவதற்கு முன் லிட்டருக்கு 32.1 கிலோமீட்டர், போட்ட பின் 31.8. அது காற்றடிக்கும் திசையில் வருகிற வித்தியாசம். 200 சிசி இன்ஜின் கேட்கிற காற்றைக் காகித ஃபில்டரே தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் திறந்துவிட்டாலும் ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியூ (இன்ஜினின் குட்டிக் கணினி) பெட்ரோலைப் பழைய விகிதத்துக்கே கொண்டுவந்துவிடும். இரண்டு மூன்று குதிரைசக்தி கூடும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

ஆனால் அந்தச் சத்தம்! புக்கிட் பாத்தோக்கிலிருந்து விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி பிஐஇ விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் வேலைக்குப் போகிறேன். சாலை காலியாக இருக்கும். ஐந்தாவது கியரில் 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டித் த்ராட்டிலைத் திறந்தால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். காதுக்கு வருவதற்கு முன் தொடையில் தெரியும். த்ராட்டிலை விட்டால் உடனே அடங்கிவிடும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தும்போது பழைய பைக்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் கேட்காது. ஓட்டுகிறவனுக்கு மட்டுமே கேட்கிற சத்தம் அது. 12 மணி நேர ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு அதன் அருமை தெரியும்.

சரி, இனி என் கோபம். இந்த ஃபில்டர் காயாது.

கழுவுவது சுலபம். துவாஸ் சவுத்தில் லாரிகள் கிளப்புகிற புழுதிக்கு நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவிவிடுகிறேன். குளியலறையில் கிளீனரை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தண்ணீர் விட்டால், வாளியில் கறுப்பாக இறங்கும். துணி வெளுத்துவிடும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். அப்புறம் காய வேண்டும். கம்ப்ரஸர் காற்று கூடாது, மடிப்புத் துணி கிழியும். ஹேர் டிரையர் கூடாது, தானாகக் காயட்டும் என்கிறது பெட்டிக்குள் வந்த குறிப்புத் தாள். எங்கே காயட்டும்? இங்கே விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். மழை இல்லாத நாளில்கூட நடுப்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். டிசம்பர் மழை பிடித்தால் அதுவும் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போடுகிற சட்டையே இரண்டு நாள் ஆகியும் ஈர வாடை அடிக்கிற ஊர் இது. ஆழமான மடிப்புகளுக்கு நடுவே நிற்கிற ஈரம் எங்கே போகும்?

முதல் தடவை வெயில் காலம், தப்பித்தேன். இரண்டாவது தடவை 2023 டிசம்பர். அக்டோபரில் காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 100ஐத் தாண்டிய புகைமூட்ட நாள்களும் கடந்திருந்ததால் நன்றாகக் கழுவினேன். வெள்ளி இரவு கழுவி, ஞாயிறு மாலை தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மாதிரிதான் இருந்தது. திங்கள் காலை வேலை. எண்ணெயை விட்டுப் பைக்கில் பூட்டிவிட்டேன்.

மார்ச் மாதம் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்க ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் அங்கிள் ஃபில்டரை எடுத்து, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூசி, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. பிறகு ஃபில்டரை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பை விரித்துக் காட்டினார். மடிப்பின் முகட்டில் நல்ல சிவப்பு. அடியில் விரல் நகம் அகலத்துக்கு வெள்ளைத் திட்டுகள், வரிசையாக.

அப்போதுதான் புரிந்தது. ஈரமான நூலில் எண்ணெய் ஏறாது, ஒதுங்கிவிடும். இந்த ஃபில்டரில் தூசியைப் பிடிப்பதில் பாதி வேலை எண்ணெயுடையது. எண்ணெய் இல்லாத இடத்தில் இருப்பது வெறும் மெல்லிய துணிதான். அடியில் ஏறாத எண்ணெய் முகட்டில் கூடிப்போய், த்ராட்டில் பக்கம் கசிந்திருக்கிறது. த்ராட்டிலைச் சுத்தம் செய்ய 60 வெள்ளி. இன்ஜினுக்குள் போன தூசிக்கு என்ன கணக்கு?

நான் அவசரப்பட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். முகடு வெளுத்துத் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் என்று எண்ணெயைக் கூடவே விட்டவனும் நான்தான். ஆனாலும் எவ்வளவு நேரம் காய வேண்டும், காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. 95 வெள்ளி வாங்கிக்கொண்டு, இந்த ஊரிலும் விற்கிறவர்கள், இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு வருடமாகியும் இந்த ஆத்திரம் எனக்குத் தீரவில்லை.

அதற்குப் பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பலகாரத்துக்கு மாவு நிறுக்க வீட்டில் ஒரு டிஜிட்டல் தராசு இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து ஃபில்டரை வைத்து நிறுத்தேன். கழுவி உதறியதும் 214 கிராம். மறுநாள் மாலை 171. கைக்கு அப்போதே காய்ந்தது போலத்தான் இருக்கிறது! மூன்றாம் நாள் 163. நான்காம் நாள் 159, ஐந்தாம் நாளும் 159. இரண்டு நாள் ஒரே எடை நின்றால்தான் உண்மையில் காய்ந்தது. தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு மடிப்பு முகட்டிலும் ஒரே ஒரு கோடு எண்ணெய். இருபது நிமிடம் பொறுத்தால் சிவப்பு தானாக அடிவரை இறங்கும். வெள்ளை தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். இப்படிச் செய்த பிறகு த்ராட்டில் வாயைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வருகிறது. நாலு நாள் வண்டியை நிறுத்த முடியாது என்பதால் அதுவரை பழைய காகித ஃபில்டரைப் போட்டு ஓட்டுகிறேன்.

காசும் மிச்சமில்லை. 95 வெள்ளியோடு கிளீனர், எண்ணெய் 34 வெள்ளி. இந்த 41,000 கிலோமீட்டருக்கு நாலு காகித ஃபில்டர் போட்டிருந்தால் 72 வெள்ளியோடு முடிந்திருக்கும். ஒர்க்‌ஷாப் 60ஐ நான் சேர்க்கவே இல்லை.

அதனால் தம்பிக்குச் சொன்னது சொன்னதுதான். அவன் தங்கும் விடுதியில் ஒரு அறையில் பலர். ஐந்து நாள் ஒரு ஃபில்டரை யார் காலும் கையும் படாமல் எங்கே வைப்பான்? காகிதமே போடட்டும், நேரத்துக்கு மாற்றட்டும். இன்ஜினுக்கு அதுதான் நல்லது.

இந்த வாரம் என் பைக்கில் இருப்பதும் காகிதம்தான். சிவப்பு ஃபில்டர் நாலாவது தடவையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை பிஐஇயில் வழக்கம்போலத் த்ராட்டிலைத் திறந்தேன். வண்டி அதே வேகத்தில்தான் போனது. சீட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. துவாஸ் வரைக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தராசை எடுத்தேன், 160. நேற்று 159, இன்று மாலையும் 159. எண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டேன். நாளை காலை ஐந்தே முக்காலுக்குள் பூட்டிவிடுவேன்.