பெரிய கோயில் படங்கள்: ஜேபெக்கா, ராவா?

குடும்பத்தோடு தஞ்சாவூர் போனபோது ராவ் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே பதப்படுத்தித் தரும் வழக்கமான படக் கோப்பு) இரண்டிலும் சேர்த்தே படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஜேபெக்கில் பாதி வேலையைக் கேமராவே முடித்துவிடுகிறது. அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாயிற்று. ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 வெளிச்சப் படிநிலைகள்தான். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்துக்குப் பின்னால் சூரியன், முன்னால் அம்மா. முகம் ஒரே இருட்டு. அதை வெளிச்சமாக்கப் போனால் கன்னமெல்லாம் சாம்பல் திட்டு.

அதே படத்தின் ராவ் கோப்பு 14 பிட். அதாவது 16,384 படிநிலைகள். நிழலை இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சமாக) தூக்கினேன், அம்மாவின் மூக்குத்திகூடத் தெரிந்தது. (முழுக்க வெளுத்துப்போன வானத்தை ராவாலும் மீட்க முடியாது.)

ஆபத்தும் இதில்தான். இழுக்க இடமிருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போனேன். சாயங்கால வெயிலில் தேன் நிறத்தில் இருந்த கல், ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது. அப்புறம் அம்மாவின் முகச் சுருக்கத்தையும் கொஞ்சம் மழுப்பினேன். அம்மா பார்த்துவிட்டு, “கோயிலும் நம்ம கோயில் இல்ல, நானும் நான் இல்லடா” என்றார்.

ராவ் கோப்பு மெமரி கார்டில் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் இப்போது சாப்பாடு, பேருந்து, பிள்ளைகளின் ஓட்டம் எல்லாம் ஜேபெக். எதிர்வெயிலுக்கும் கருவறைப் பக்கத்து மண்டபத்து இருட்டுக்கும் மட்டும் ராவ். சுருக்கத்தில் கை வைப்பதில்லை.