நுரையீரல் ஆபரேஷனில் வாயு மயக்கமா, ஊசி மயக்கமா: ஆக்சிஜனுக்கு எது நல்லது?

நுரையீரல் ஆபரேஷனில் கத்தி வைக்கிற பக்கத்து நுரையீரலைச் சுருங்கவிட்டு, மற்றதில் மட்டும்தான் மூச்சு ஓட்டுவார்கள். காற்று நின்றாலும் ரத்தம் நிற்காது. அந்தப் பக்கம் போன ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பி வந்து கலந்துவிடும். இதைச் சமாளிக்க உடம்பிலேயே ஓர் ஏற்பாடு உண்டு: காற்று வராத இடத்து ரத்தக்குழாய்கள் தானாகச் சுருங்கி, ரத்தத்தை நல்ல பக்கம் திருப்பிவிடும். ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளில் இதைக் காட்டினார்கள்.

செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் இந்தச் சுருக்கத்தை அளவு கூடக்கூட மட்டுப்படுத்தும், ஊசி வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்தான புரோபோஃபால் அதில் அவ்வளவாகக் கை வைக்காது. அதனால் ஒற்றை நுரையீரல் என்றாலே பம்பில் புரோபோஃபால்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, ஆனால் வழக்கமான அளவில் வாயு கொடுத்தால் கூடுதலாகக் கலக்கும் ரத்தம் சில சதவீதம்தான்; நோயாளிகளிடம் செய்த ஒப்பீடுகளில் சில புரோபோஃபாலுக்குச் சாதகம், பலவற்றில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. வாயுவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க வாயுவுக்கும் பங்கு உண்டு.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது மூச்சுக்குழாய்க்குள் போடும் ட்யூப். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது டபுள் லூமன் ட்யூப் (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள குழாய்) ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், நல்ல நுரையீரலின் ஒரு பகுதி அடைபட்டுவிடும், ஆக்சிஜன் இறங்க இறங்க ஆக்சிமீட்டரின் பீப் சத்தம் படிப்படியாகக் கனத்துத் தாழும், அந்த நேரத்தில் மயக்க மருந்தை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. முதலில் நூறு சதவீத ஆக்சிஜன், உடனே ப்ராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கருவி) விட்டு ட்யூபைப் பார்ப்பது, சளியை உறிஞ்சுவது, ரத்த அழுத்தத்தைக் கவனிப்பது. அப்படியும் ஏறாவிட்டால் சுருங்கிய நுரையீரலுக்குள் மெல்லிய அழுத்தத்தில் கொஞ்சம் ஆக்சிஜன். அவசரம் என்றால் சர்ஜனை நிறுத்தச் சொல்லி இரண்டையும் ஊதிவிட வேண்டியதுதான். வலது பக்க ஆபரேஷனில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும், பெரிய நுரையீரல் அதுதான். முதல் அரைமணி நேரத்தில்தான் ஆக்சிஜன் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும்.

மற்ற விஷயங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வாயு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெளிமூச்சிலேயே மானிட்டர் காட்டிவிடும். புரோபோஃபாலுக்கு அந்த வசதி இல்லை, நெற்றியில் மூளை மானிட்டர் ஒட்டிவிட்டால்தான் நிம்மதி. ஆனால் மூச்சுக்குழாயையே திறந்து வேலை செய்யும்போது வாயு அறைக்குள் கசியும், மயக்கமும் லேசாகும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு புரோபோஃபால். வாந்தியும் அதில் குறைவு. வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி அந்த ரத்தக்குழாய்ச் சுருக்கத்தை நேரடியாகத் தொடாது, ரத்த அழுத்தத்தை மட்டும் விழ விடக்கூடாது.

என் தேர்வு: சாதாரண ஆளுக்கு மிதமான அளவில் செவோஃப்ளூரேன் தாராளமாகப் போதும். இரண்டு நுரையீரலும் ஓடும்போதே ஆக்சிஜன் இழுபறியாக இருக்கிறவருக்குத்தான், அந்தச் சில சதவீதமும் வீணாகாமல் இருக்க, ஆரம்பத்திலேயே புரோபோஃபால்.